கெல்டிக் சிலுவைகள் கல்லறைக் கற்கள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு மலரில் வந்த அயர்லாந்து பயணக் கட்டுரை, கெல்டிக் சிலுவைகள் எனப்படும் வளையம் வைத்த பெரிய கற்சிலுவைகளைப் 'பழங்காலக் கல்லறைகள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. நான் கோவில் சுதை வேலைக்காக மொரீஷியஸ் வந்து இங்கேயே தங்கிவிட்டவன். கோவில் வேலை இல்லாத மாதங்களில் கல்லறைக் கல் செதுக்குகிறேன். வளையச் சிலுவை கேட்டு வருகிறவர்களும் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் கல்லறைகளில் அது பரவியது 19ஆம் நூற்றாண்டில். அதற்கு ஏறக்குறைய ஆயிரம் வருடம் முன்பு செதுக்கியவை துறவி மடங்களின் வளாகத்தில், ஜெபத்துக்கும் வேதக் கதை சொல்வதற்குமாக நின்றவை.

அயர்லாந்தில் மோனஸ்டர்பாய்ஸ் என்ற பழைய மடத்தில் உள்ள மியுரெடாக் சிலுவையைப் பாருங்கள். உயரம் சுமார் ஐந்தரை மீட்டர். ஒரு பக்கம் நடுவில் இயேசு சிலுவையில் தொங்குகிறார், மறுபக்கம் இறுதித் தீர்ப்பு. அடியில் உள்ள கல்வெட்டு, இதைச் செய்வித்த மியுரெடாக்குக்காக ஜெபம் கேட்கிறது. நம் கோவில்களில் உபயதாரர் பெயர் வெட்டுவதில்லையா, அந்த மாதிரி.

அது மணற்கல். தாடி, துணி மடிப்பு எல்லாம் உளிக்கு வந்துவிடும். அதே நாட்டில் மூன் என்ற ஊரில் இருக்கும் சிலுவையோ கிரானைட். அதில் அவ்வளவு நுணுக்கம் எடுபடாது. அந்தச் சிற்பி பன்னிரண்டு சீடர்களையும் தலை, கட்டம் போட்ட உடம்பு, இரண்டு பாதம் என்று சுருக்கிவிட்டான். பக்கத்திலேயே ஐந்து அப்பம், இரண்டு மீன். ஓட்டை ஓட்டையான எரிமலைக் கல்லோடு மல்லுக்கட்டுகிற எனக்கு இவனைத்தான் அதிகம் பிடிக்கும்.

வளையத்தைச் சூரியன் என்றும் கட்டுரை சொல்கிறது. இருக்கலாம். ஆனால் ஸ்காட்லாந்தின் அயோனா தீவில் உள்ள புனித யோவான் சிலுவைக்குக் கைகள் மிக நீளம். பாரம் தாங்கவே வளையத்தைப் பிறகு சேர்த்தார்கள் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. கல் வேலை தெரிந்தவனுக்கு அதுதான் முதலில் தோன்றும்.

அப்புறம், நீங்கள் போட்ட க்ளான்மக்னாய்ஸ் என்ற அயர்லாந்து மடத்தின் படத்தில் வெட்டவெளியில் நிற்கும் சிலுவை நகல். மழையிலும் காற்றிலும் தேய்வதால் அசலை அங்கேயே கட்டடத்துக்குள் வைத்துவிட்டார்கள். படத்துக்குக் கீழே அதை ஒரு வரி போட்டிருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு கல்தச்சன்,
போர்ட் லூயிஸ், மொரீஷியஸ்