பெயிண்ட் காசு யார் கணக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னையில் வீட்டு வாடகை ஏறிக்கொண்டே போவதைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தீர்கள். வாடகையாவது கேட்கும்போதே இவ்வளவு என்று தெரிந்துவிடுகிறது, முடியாவிட்டால் வேறு வீடு பார்க்கலாம். காலி செய்யும் நாளில் அட்வான்ஸிலிருந்து பிடித்துக்கொள்கிறார்களே, அதைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும்.

மடிப்பாக்கத்தில் ஒரே வீட்டில் ஆறு வருஷம் இருந்தோம். வாடகை 12,000, அட்வான்ஸ் 60,000. ஒரு மாதம்கூட பாக்கி வைத்ததில்லை. காலி செய்தபோது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை, கிளீனிங்குக்கு 3,000 என்று ஓனர் பிடித்துக்கொண்டார். மீதி 45,000 கைக்கு வர மூன்று மாதம் ஆயிற்று, அதுவும் இரண்டு தவணையாக. "எல்லா எடத்துலயும் இதாம்மா வழக்கம்" என்றார், நானும் வழக்கம்தானே என்று விட்டுவிட்டேன். அப்புறம் ஒருநாள் அந்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண்ணை ரேஷன் கடையில் பார்த்தேன். பேச்சோடு பேச்சாக, "ரூம் கதவுக்குப் பின்னாடி பென்சில்ல கோடு கோடா இருக்கே, உங்க பையன் உயரமாக்கா?" என்று கேட்டார். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவனைச் சுவரோடு நிற்கவைத்து நான் போட்ட கோடுகள் அவை. அப்படியே இருக்கின்றன என்றால் பெயிண்டே அடிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். தமிழ்நாட்டில் 1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2017இல் ஒரு புதிய சட்டம் இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் அமல்படுத்தியிருக்கிறார்கள். அதன் கடைசியில் எந்தப் பராமரிப்பு யாருடையது என்று ஓர் அட்டவணையே இருக்கிறது. குழாய் வாஷர் மாற்றுவது, சுவிட்ச், உடைந்த ஜன்னல் கண்ணாடி எல்லாம் குடியிருப்பவர் பக்கம். சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பக்கம். நான் இரண்டு முறை படித்தேன். குடியிருந்தால் இயல்பாக வரும் தேய்மானத்துக்குக் குடித்தனக்காரர் பொறுப்பில்லை என்றும் இருக்கிறது. அட்வான்ஸுக்கு அது சொல்லும் அளவு மூன்று மாத வாடகை, காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். சேதம் செய்திருந்தால் கழித்துக்கொள்ளட்டும், அது நியாயம். ஆறு வருஷம் மனிதர்கள் குடியிருந்த சுவர் கொஞ்சம் மங்கியிருப்பது எப்படிச் சேதமாகும்?

எங்களிடம் இருந்ததெல்லாம் இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிய பதினொரு மாத அக்ரிமெண்ட், அதுவும் முதல் வருஷத்தோடு சரி. ஒரு வருஷத்துக்கு மேல் எழுதினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும், அதனால் பதினொரு மாதம் என்று டைப்பிங் சென்டரில் விளக்கினார்கள். புதிய சட்டப்படி பதினொரு மாதமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும் என்பதை அங்கேயும் யாரும் சொல்லவில்லை, ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்கிய புரோக்கரும் சொல்லவில்லை. பதியாத தாளைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் போய் நிற்பது?

வீட்டுக்காரர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. விழுப்புரத்தில் என் சித்தி மாடி போர்ஷன் வாடகையில்தான் மருந்து மாத்திரை வாங்குகிறார். ஒரு குடித்தனக்காரர் நான்கு மாத வாடகையும் கரண்ட் பில்லும் பாக்கி வைத்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விட்டார். இரண்டு மாத வாடகை பாக்கி நின்றாலே காலி செய்யச் சொல்லிக் கேட்க அதே சட்டத்தில் வழி இருக்கிறது. சித்திக்கும் அது தெரியாது, அவரிடமும் பதிந்த அக்ரிமெண்ட் கிடையாது.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தப் பராமரிப்பு அட்டவணையை எளிய தமிழில், ஒரு வரிகூட விடாமல், உங்கள் இதழில் கட்டம் கட்டிப் போடுங்கள். அக்ரிமெண்டை எங்கே, எப்படிப் பதிவது என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள். நான் பார்த்த அந்தப் பெண் 75,000 அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார், அக்ரிமெண்ட் இன்னும் எழுதவே இல்லையாம். நீங்கள் வெளியிட்டால் அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு முதலில் அவர் வீட்டுக்குத்தான் போவேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
மடிப்பாக்கம், சென்னை.