துணி போர்த்திய கணினி

ஆசிரியர் அவர்களுக்கு,

என் மகள் கொட்டாஞ்சேனையில் தரம் 4 படிக்கிறாள். அவளுடைய பாடசாலை நூலகத்தில் நன்கொடையாக வந்த கணினி ஒன்று உண்டு. அதன்மேல் போர்த்திய துணியை எடுத்து நான் கண்டதில்லை. பிள்ளைகள் தொட்டால் பழுதாகிவிடுமாம்.

2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணைய நூலகத்தில் இலங்கைத் தமிழ் நூல்களும் சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. வாரத்தில் ஒரு பாடவேளை, ஒரு ப்ரொஜெக்டர் இருந்தால், பழைய சிறுவர் கதையொன்றைச் சுவரில் விரித்து முழு வகுப்பும் சேர்ந்து வாசிக்கலாம். பிறகு ஆளுக்கு நாலு வரி தமிழில் தட்டச்சிட்டால் அதுவே வகுப்புச் சஞ்சிகை. பிள்ளைகளின் படமும் முழுப்பெயரும் வெளியே போகாமல் ஆசிரியர் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கொப்பியில் ஒரு பந்தி எழுதச் சொன்னாலே அழுகிற என் மகள், போன மாதம் என் கைபேசியில் ‘ழ’வைத் தேடித் தேடி, தான் வாசித்த முயல் கதையை அம்மம்மாவுக்கு எழுதி அனுப்பினாள். பதினொரு வரி!

புலமைப்பரிசில் பரீட்சைக்கு இது உதவாது என்கிறார்கள் சில பெற்றோர். வாசிக்கப் பழகாத பிள்ளைக்கு வினாத்தாள் எப்படி விளங்கும்? அதிபர்கள் இந்தத் தவணையிலேயே அந்தத் துணியை எடுக்க வேண்டும்.

ஒரு தாய்,
கொழும்பு 13.