5ஜி ரவுட்டர்: வீட்டில் வைத்துப் பார்த்த பிறகு ஒப்பந்தம் போடலாமே

ஆசிரியருக்கு,

சிங்கப்பூரில் கண்ணாடியிழை இணைய இணைப்பு போகாத வீடே இல்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வாடகை அறையில் இருப்பவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் புளோக் புளோக்காக இழை வந்தபோது ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்ட வீடுகளில் ஒன்றில்தான் நானும் அறை எடுத்திருக்கிறேன். இப்போது போடலாம் என்றால் வீட்டுக்கார அக்காவுக்குச் சுவரில் துளை போட விருப்பமில்லை. அவர் வீடு, அவர் முடிவு.

சரி, சிம் அட்டை போடும் 5ஜி ரவுட்டர் இருக்கிறதே என்று வாங்கினோம். பிளக்கில் செருகினால் வேலை முடிந்தது, ஆள் வந்து மாட்டத் தேவையில்லை. நல்ல வசதிதான். ஆனால் விற்கும் விதத்தைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

கடையில் வரைபடத்தைக் காட்டி “உங்கள் வட்டாரத்தில் முழு சிக்னல்” என்றார்கள். இருக்கலாம். ஆனால் தெருவில் நிற்கும்போது கிடைக்கும் சிக்னல் எட்டாவது மாடி அறைக்குள்ளும் கிடைக்க வேண்டுமே. 5ஜிக்கு அதிகம் பயன்படும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. ஆனால், கான்கிரீட்டைத் தாண்டி உள்ளே வருவதில் 4ஜியின் 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு ஈடாகாது. 1990களின் பிற்பகுதிக்குப் பிறகு கட்டிய வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் பாம் ஷெல்டர், அதாவது குண்டுவீச்சின்போது ஒதுங்கும் அறை, வேறு உண்டு. அந்தத் தடித்த சுவருக்குப் பக்கத்தில் ரவுட்டரை வைத்தால் ஒரு கோடுதான் காட்டுகிறது, சன்னல் ஓரம் கொண்டுபோனால் நான்கு கோடு. அப்புறம் மதிய வெயிலில் அது கொதித்துப்போய் நின்றுவிடுகிறது. திரைச்சீலையை இழுத்து மூடித்தான் ஓட்டுகிறோம்.

இரவு இன்னொரு சிக்கல். இங்கே பத்து மணி என்றால் ஊரில் ஏழரை. பிள்ளைகள் டியூஷன் முடிந்து வீட்டுக்கு வரும் நேரம் அதுதான், நாங்கள் வீடியோவில் அழைப்பதும் அப்போதுதான். அக்கம்பக்கத்தில் எல்லாரும் படம் பார்ப்பதும் அதே நேரத்தில். ஒரே அலைக்கோபுரத்தை அத்தனை பேரும் பங்கு போட்டுக்கொள்ளும்போது பகல் வேகம் எங்கே கிடைக்கும்? மனைவியின் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். குரல் மட்டும் பின்னால் வரும். பகலில் கடைக்குள் எடுத்துக் காட்டும் வேகச் சோதனையில் இது எதுவும் தெரியாது.

இவ்வளவுக்கும் ஒப்பந்தம் இரண்டு ஆண்டு. நடுவில் விட்டால் அபராதம். அறை வாடகை ஒப்பந்தமே பலருக்கு ஓராண்டுதான்! புது அறையில் சிக்னல் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

ஆகவே தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் ஒன்றைக் கட்டாயமாக்கினால் நல்லது. எந்த நிறுவனமானாலும் ரவுட்டரை ஒரு வாரமாவது வீட்டில் வைத்துப் பார்க்கவிட்டு, அதன் பிறகு கையெழுத்து வாங்கட்டும். எவ்வளவு டேட்டாவுக்கு மேல் வேகத்தைக் குறைப்பார்கள் என்பதையும் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே போடட்டும். நிறுவனங்களுக்கு இதில் பெரிய செலவில்லை. பிடிக்கவில்லை என்றால் பெட்டியைக் கடைக்கு நாங்களே தூக்கிக்கொண்டு வந்து கொடுத்துவிடுவோம்.

இப்படிக்கு,
வாடகை அறைவாசி ஒருவர்,
ஈசூன்