இறுதிக் காட்சியில் ஒரு பெயர்

ஆசிரியருக்கு,

மறு ஆக்கப் படங்களைக் கற்பனை வறட்சி என்று தங்கள் தலையங்கம் ஒதுக்கியது சரியல்ல. கதை மாறாதபோதுதான் சமூகத்தின் மனம் மாறியது கண்ணுக்குத் தெரியும். 'எ ஸ்டார் இஸ் பார்ன்' என்ற அமெரிக்கப் படம் 1937, 1954, 1976, 2018 என நான்கு முறை வந்துள்ளது. புகழ் மங்கும் கணவன், உயரும் மனைவி. நான்கிலும் இதுவே கதை. கணவன் இறந்தபின் மக்கள் முன் வரும் நாயகி எந்தப் பெயரில் அறிமுகமாகிறாள் என்பதே உரைகல். முதல் இரண்டிலும் அவள் 'திருமதி நார்மன் மெய்ன்'. அவளுடைய சொந்தப் பெயரே அதில் இல்லை. பெண்ணுரிமை இயக்கம் வலுத்திருந்த காலத்தில் வந்த 1976 படத்தில் 'எஸ்தர் ஹாஃப்மன் ஹோவர்ட்' என இரு குடும்பப் பெயர்களும் ஒலிக்கின்றன. 2018இல் 'ஆலி மெய்ன்': தன் பெயர் நிற்கிறது, பிறந்த வீட்டுப் பெயர் மீண்டும் மறைந்துவிட்டது. மாற்றம் நேர்கோட்டில் செல்வதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

திரைப்படச் சங்கக் கலந்துரையாடல்களில் முழுப் படங்களை ஒப்பிட்டால் பேச்சு நடிப்பு, பாட்டு என்று திசைமாறிவிடுகிறது; ஒரே காட்சியை அடுத்தடுத்துத் திரையிட்டால்தான் வேறுபாடு பிடிபடுகிறது. தங்கள் விமர்சனப் பகுதியும் இனி மறு ஆக்கம் வரும்போது, மூலப்படத்தின் ஒரு காட்சியையாவது அருகில் வைத்து எழுத வேண்டும்.