பேனரில் உன் படம், கீழே உன் மைத்துனரின் போன் நம்பர்

அன்புள்ள தம்பிக்கு,

பினாங்கு மாநகர் மன்ற உறுப்பினராக நீ பதவியேற்ற செய்தியைப் பத்திரிகையில் பார்த்தேன். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஊர் பார்க்க எழுதுகிற கடிதம் என்பதால் 'நீங்கள்' என்றுதான் தொடங்கினேன். அரைக்கால் சட்டையோடு எங்கள் வீட்டு ரம்புத்தான் மரத்தில் ஏறியவனை அப்படி எழுத வரவில்லை.

நேற்று டத்தோ கிராமாட் சாலையில் ஒரு பேனர் பார்த்தேன். 'மனமார்ந்த வாழ்த்துகள்' என்று மஞ்சள் எழுத்து, ஆள் உயரத்துக்கு உன் படம். அதன் கீழே உன் மைத்துனரின் கம்பெனி பெயரும் கைப்பேசி எண்ணும். 'கால்வாய் துப்புரவு, புல் வெட்டுதல், சில்லறைக் கட்டட வேலை' என்று இன்னொரு வரி. மன்றம் குத்தகைக்கு விடும் வேலைகளும் இவைதானே? (பேனருக்கு மன்றத்தின் பெர்மிட் ஸ்டிக்கர் இருக்கிறதா என்றும் தேடினேன். கண்ணில் படவில்லை. அதை விடு.)

நீ கட்டச் சொல்லியிருக்க மாட்டாய். ஆனால் அந்த வழியாக லோரி ஓட்டிப் போகிற இன்னொரு குத்தகைக்காரர், அடுத்த வேலைக்கு விலை எழுதிப் போடுவதா வேண்டாமா என்று யோசிப்பார். மன்றத்து அதிகாரிக்கு உன் மைத்துனரின் கொட்டேஷனைப் பிரிக்கும்போது உன் முகம் ஞாபகம் வரும். நீ வாயே திறக்க வேண்டியதில்லை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இருபது வருடத்துக்கு முன் ஒரு கோயிலில் செயலாளராக இருந்தேன். திருவிழாப் பந்தலுக்கு என் மனைவியின் தம்பி விலை கொடுத்தான், முந்தின வருடத்தைவிட நானூறு ரிங்கிட் குறைவு. கூட்டத்தில் அவன் கடிதத்தைப் பிரித்து வாசித்தவனும் நான், 'இதுதான் மலிவு' என்று சொன்னவனும் நான். எல்லோரும் தலையாட்டினார்கள். பந்தலும் நன்றாகவே இருந்தது. எனக்கு ஒரு காசு வரவில்லை. அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, "செயலாளர் மச்சானை விட்டால் பினாங்கில் பந்தல் போட ஆளே இல்லையா?" என்றார். கணக்குப் புத்தகத்தை மேசையில் போட்டுக் கத்தினேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. "வேறு யாரிடம் விலை கேட்டீர்கள்?" என்று அவர் திருப்பிக் கேட்டபோதுதான் வாய் அடைத்துப்போனது. யாரிடமும் கேட்கவில்லை. முந்தின வருடம் போட்டவருக்கு ஒரு போன்கூடப் போடவில்லை. அவன் என் மச்சான் என்பதால் நான் கேட்கவில்லை, நான் செயலாளர் என்பதால் மற்றவர்கள் கேட்கவில்லை.

ஊழல் என்றால் நம் ஆட்களுக்கு மேசைக்கடியில் நீளும் உறைதான். மலேசியாவின் 2009 ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 23-ஆம் பிரிவை ஒரு முறை வாசி. உனக்கோ உன் உறவினருக்கோ கூட்டாளிக்கோ அக்கறையுள்ள விஷயத்தில் நீ முடிவெடுத்தாலே, பதவியைச் சுயலாபத்துக்குப் பயன்படுத்தினாய் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது உன் பொறுப்பு. தண்டனை 20 வருடம்வரை சிறை. அதோடு லஞ்சத் தொகையின் 5 மடங்கு அல்லது 10,000 ரிங்கிட், எது அதிகமோ குறைந்தது அவ்வளவு அபராதம். உறவினர் யார் யார் என்றும் அதே சட்டம் சொல்கிறது: மனைவியின் அண்ணன் தம்பி, மருமகன், மாமன், அத்தை, அவர்கள் பிள்ளைகள், உடன்பிறந்தவரின் பிள்ளைகள். கிட்டத்தட்ட நம் கல்யாணப் பத்திரிகைதான். சம்பந்தியை மட்டும் காணோம். நம் வீடுகளில் சம்பந்தியைவிட யாருக்கு முகம் கொடுக்க வேண்டியிருக்கிறது, சொல்லு.

இன்னொன்று. உன்னை யாரும் ஓட்டுப் போட்டு அனுப்பவில்லை. 1965-இல் நிறுத்தப்பட்ட ஊராட்சித் தேர்தல், அதாவது நகர, மாநகர மன்றத் தேர்தல், திரும்ப வரவே இல்லை. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் தேர்தல் வேண்டும் என்றுதான் பரிந்துரைத்தது. ஆனால் 1976 ஊராட்சிச் சட்டம் நியமனத்தைத்தான் நிலைநிறுத்தியது. ஒரு மன்றத்துக்கு 24 பேர்வரை மாநில அரசே நியமிக்கிறது. உன்மேல் கோபம் வந்தால் உன்னை வீட்டுக்கு அனுப்ப எங்கள் கையில் சீட்டு இல்லை. அதனால் நீயாகச் சொல்வதைத்தான் நாங்கள் நம்பியாக வேண்டும்.

மன்றத்தின் முழுக்கூட்டத்துக்கு நாங்கள் வந்து உட்காரலாம், குழுக் கூட்டத்துக்கு அப்படி வர முடியாது. உன் மைத்துனர் பெயர் வரப்போவது அங்கேதான். வந்தால், பேச்சு தொடங்கும் முன்னே சொல்லிவிட்டு எழுந்து வெளியே போ. 'நான் ஓட்டுப் போடவில்லை, சும்மாதான் இருந்தேன்' என்று நாற்காலியிலேயே இருக்காதே. நீ இருக்கும்போது உன் மச்சானைப் பற்றி யார் வாய் திறப்பார்கள்? நீ வெளியே போனது கூட்டக் குறிப்பில் ஏறியதா என்றும் பார்த்துக்கொள். அப்புறம் மன்ற அலுவலகம் இருக்கிற கொம்தார் கட்டட லிஃப்டில் அதே அதிகாரியைப் பார்த்து "என்னாச்சு?" என்று கேட்டாயோ, வெளியே போனதில் அர்த்தமே இல்லை.

இனி தீபாவளி நெருங்கினால் லிட்டில் இந்தியாவில் கடை போட இடம் கேட்டு உன் வீட்டு வாசலில் ஆள் நிற்கும். அங்காடி லைசன்சுக்குச் சிபாரிசுக் கடிதம் கேட்பார்கள். மலாய்ப் பாரம் நிரப்பத் தெரியாத அம்மாவுக்கு உட்கார்ந்து நிரப்பிக் கொடு, எந்தக் கவுண்டர் என்று காட்டு, பதில் வர மூன்று மாதம் ஆனால் ஏன் என்று கேள். அது உன் வேலை. 'இவர் நம் ஆள்' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால், வரிசையில் அவருக்கு முன்னால் நின்றவர் ஒருவர் பின்னால் போகிறார். அவரும் நம் ஆளாக இருக்கலாம். கோபித்துக்கொள்வார்கள், கல்யாணத்துக்குக்கூட அழைக்காமல் விடுவார்கள். எனக்குப் பந்தல் விவகாரத்தில் மச்சான் இரண்டு வருடம் பேசவில்லை. பிறகு பேசினான்.

முதலில் அந்தப் பேனரை அவிழ்க்கச் சொல். மைத்துனருக்கு நேரமில்லை என்றால் நீயே வா, எங்கள் வீட்டில் ஏணி இருக்கிறது.

அன்புடன்,
மூன்றாவது வீட்டு மாமா