பதிப்பாளர்களே, உரிமைப் பக்கத்தில் உண்மையை எழுதுங்கள்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். மெய்ப்புத் திருத்துவதும் பிரதியைச் செம்மையாக்குவதும் என் தொழில். நூலின் அட்டையில் உங்கள் சின்னம் இருக்கும். என் பெயர் பெரும்பாலும் எங்கும் இருக்காது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால், செயற்கை நுண்ணறிவு எழுதிய பக்கங்கள் என் மேசைக்கு வரத் தொடங்கிய பிறகு, உங்களிடம் நேராகக் கேட்டே ஆக வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரு நூலில் இயந்திரம் செய்த வேலை எது என்பதை வாசகரிடமிருந்து மறைக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்பதை என் வேலையிலிருந்தே சொல்கிறேன். மனிதர் எழுதிய பிரதியில் பிழைக்கு ஒரு தடம் உண்டு. ஆசிரியர் களைத்த இடத்தில் வாக்கியம் தடுமாறும். நினைவை மட்டும் நம்பி ஆண்டைக் குறித்த இடத்தில் நடை சற்றுத் தயங்கும். எங்கள் பென்சில் அங்கேதான் நிற்கும்; மூல நூலைத் தேடிப் போவோம். இயந்திரம் எழுதியதில் இந்தத் தடமே கிடையாது. உள்ளதையும் இல்லாததையும் அது ஒரே வழவழப்போடு சொல்லிச் செல்கிறது. அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக்கொண்டே போகும் கருவி அது. எழுதப்பட்ட நூலும் எழுதப்பட்டிருக்கக்கூடிய நூலும் அதற்கு ஒன்றுதான். 2025 மே மாதம் சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழுடன் வந்த இணைப்பிதழ் ஒன்று, இயந்திரத்தின் உதவியோடு தயாரித்த பட்டியலில் கோடைக்கால வாசிப்புக்கு 15 நூல்களைப் பரிந்துரைத்தது. அவற்றில் 10 நூல்களை யாரும் எழுதவே இல்லை. ஆசிரியர்கள் உண்மையானவர்கள், தலைப்பும் கதைச் சுருக்கமும் கற்பனை. இதழ் வாசகர் கைக்குப் போன பிறகே குட்டு வெளிப்பட்டது.

இப்படிப்பட்ட பிரதிக்கு ஒவ்வொரு வரியையும் சந்தேகித்துப் படிக்கும் ஆள் தேவை, அதற்கான நேரமும் தேவை. நடப்பதோ நேர்மாறு. "முதல் திருத்தத்தை மென்பொருள் முடித்துவிட்டது, ஒருமுறை பார்த்துக் கொடுத்தால் போதும்" என்று சொல்லிக் கூலியைக் குறைக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர்களுக்கு இன்னும் மோசம். இயந்திர மொழிபெயர்ப்பைக் கொடுத்து, "சரிபார்ப்பு" என்ற பெயரில் குறைந்த தொகைக்கு முழு வேலையையும் வாங்கிவிடுகிறார்கள். தவறான தொனியில் ஓடும் ஒரு பத்தியை நிமிர்த்துவதைவிட அதைப் புதிதாக மொழிபெயர்ப்பது எளிது என்பது அந்த வேலையைச் செய்தவர்களுக்குத் தெரியும்.

சந்தை எந்த நிலைக்கு வந்திருக்கிறது என்று நீங்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். 2023 பிப்ரவரியில் கிளார்க்ஸ்வேர்ல்டு என்ற அறிவியல் புனைகதை இதழ், இயந்திரக் கதைகள் வந்து குவிந்ததால் படைப்புகள் பெறுவதையே சிறிது காலம் நிறுத்த நேர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அமேசான், தன் சுயபதிப்புத் தளத்தில் ஒருவர் ஒரு நாளைக்கு மூன்று நூல்களுக்கு மேல் புதிதாக வெளியிட முடியாது என்று வரம்பு விதித்தது. ஒரு நாளைக்கு மூன்று! இயந்திரம் எழுதிய உள்ளடக்கம் உண்டா என்று அந்தத் தளம் பதிப்பிப்பவரிடம் கேட்கிறது. கிடைத்த பதிலை நூலை வாங்குபவருக்குக் காட்டுவதில்லை. காட்டில் காளான் பறிப்பதற்கான வழிகாட்டி நூல்களைக்கூட இப்படித் தயாரித்து விற்கிறார்கள் என்று 2023இல் காளான் ஆர்வலர் சங்கங்கள் எச்சரித்தன. தவறாக அடையாளம் காட்டினால் உயிரே போகக்கூடிய விஷயம் அது.

இந்தப் பெருக்கத்தில் உங்கள் சின்னத்துக்கு மிஞ்சியிருக்கும் பொருள் ஒன்றுதான்: இந்த நூலை ஒருவர் முழுதாகப் படித்திருக்கிறார், இதற்கு நாங்கள் பொறுப்பு. மறைத்தால் அதுவும் போய்விடும்.

இயந்திரத்தை அடியோடு விலக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. பழைய அச்சுப் பக்கங்களைக் கணினியில் திருத்தக்கூடிய எழுத்தாக மாற்றவும், பார்வையற்றோருக்கு நூலைக் குரலாக மாற்றவும் அது உதவுவதை நான் மதிக்கிறேன். 2024 ஜனவரியில் ஜப்பானின் அகுதாகவா இலக்கியப் பரிசைப் பெற்ற ரியே குதான், தன் நாவலில் ஏறக்குறைய 5 சதவீதம் உரையாடல் கருவியின் வாக்கியங்கள் என்று தாமே வெளிப்படையாகச் சொன்னார். அதை ஏற்றவர்களும் உண்டு, எதிர்த்தவர்களும் உண்டு. அவர் சொன்னதால்தான் வாசகர்களால் தாங்களே ஒரு முடிவுக்கு வர முடிந்தது.

உங்கள் நலனும் இதில் இருக்கிறது. மனிதர் படைக்காத பகுதிக்குப் பதிப்புரிமை இல்லை என்பது அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் நிலைப்பாடு. பதிவு செய்யும்போது இயந்திரம் உருவாக்கிய பகுதியைக் குறிப்பிட வேண்டும் என்றும் அது கேட்கிறது. அப்படியிருக்க, இயந்திரம் எழுதியதையும் சேர்த்து "அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை" என்று அச்சிடுவது எந்த அளவுக்கு உண்மை?

நூல்களின் திருட்டுப் பிரதிகளை இறக்கிச் சேமித்ததற்காக ஆந்த்ரோபிக் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனம் 2025இல் 150 கோடி டாலர் இழப்பீட்டுக்கு இணங்கியது. ஒரு நூலுக்குச் சுமார் 3,000 டாலர். நம் நூல்களைக் கேட்காமல் எடுத்தார்கள் என்று அன்று எல்லோரும் கொதித்தோம். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் ஆசிரியர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர்கள் நூல்களை இயந்திரப் பயிற்சிக்கு உரிமம் கொடுத்த பதிப்பகங்களும் உண்டு. செய்தி வெளியான பிறகே ஆசிரியர்கள் அதை அறிந்தார்கள். கேட்டுச் செய்ய முடியும். ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் 2024இல் இத்தகைய உரிமத்துக்கு ஆசிரியர்களிடம் சம்மதம் கேட்டது, நூலுக்கு 2,500 டாலர் தருவதாகச் சொன்னது, மறுப்பவர்களை விட்டுவிட்டது. அந்தத் தொகை போதுமா என்பது வேறு விவாதம்.

எனவே இதைச் செய்யுங்கள். எழுத்து, மொழிபெயர்ப்பு, அட்டைப்படம், ஒலிநூலின் குரல் ஆகியவற்றில் இயந்திரத்தின் பங்கு எதில், எவ்வளவு என்று உரிமைப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். பங்கே இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள். ஆசிரியரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் அவர் நூலை இயந்திரப் பயிற்சிக்குத் தரமாட்டோம் என்ற விதியை ஒப்பந்தத்தில் சேருங்கள். இயந்திரப் பிரதியைத் திருத்துபவருக்கு முழுக் கூலி கொடுங்கள். உங்களில் யார் முதலில் இதைச் செய்தாலும், அந்த அறிவிப்பின் வாசகத்தை உங்களோடு உட்கார்ந்து எழுதித் தர நான் தயார்.

இப்படிக்கு,
ஒரு மெய்ப்புத் திருத்துநர்