ட்ராக் டே ஏற்பாட்டாளர்களுக்குக் கல்லடியிலிருந்து ஒரு திறந்த மடல்

நாட்டின் மோட்டார் விளையாட்டுக் கழகங்களுக்கும், ட்ராக் டே நடத்தும் ஏற்பாட்டாளர்களுக்கும்,

மதிப்புக்குரியீர்,

நான் மட்டக்களப்பு கல்லடியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாகனம் திருத்தும் தொழில் செய்பவன். ஏறாவூர், காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களிலிருந்து உங்கள் ட்ராக் டேக்கு வரும் இளைஞர்களுடன், கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சில ஆண்டுகளாக நானும் வந்து போகிறேன். சொந்தக் காரின் முழு ஆற்றலையும் மூடிய ஓடுதளத்தில், எதிரே லொறியோ சைக்கிளோ வராது என்ற நிம்மதியுடன் ஓட்டிப் பார்க்க நீங்கள் வழி செய்திருப்பது பெரிய காரியம். கல்லடிப் பாலத்திலும் ஒலுவில் வீதியிலும் நள்ளிரவில் ஓட்டிக் காட்டப்பட்டிருக்கக்கூடிய வேகம் உங்கள் ஓடுதளத்தில் அடங்குகிறது என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்த நன்றியோடுதான் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். வாயிலில் நீங்கள் நடத்தும் வாகனப் பரிசோதனை தலைக்கவசத்தையும், இருக்கைப் பட்டியையும், ஒயில் ஒழுக்கையும் பார்க்கிறது. காரினுள் பிறக்கும் சூட்டை அந்தக் கார் எப்படி வெளியே தள்ளப்போகிறது என்பதை அது பார்ப்பதில்லை. ட்ராக் டேயில் ஒரு காரை உடைப்பது பெரும்பாலும் வேகம் அல்ல, வெளியேற வழியில்லாமல் தேங்கும் வெப்பமே.

இதை நான் என் சொந்தப் பிழையிலிருந்து கற்றேன். ஒரு தம்பியின் நான்கு சக்கர உந்துதல் கொண்ட இரண்டு லீற்றர் டர்போ காரை ட்ராக் டேக்காக நானே தயார்ப்படுத்தினேன். விலை கூடிய பிரேக் பேட் போட்டோம், சக்கரத்தோடு சுழல, அந்தப் பேட் கவ்விப் பிடிக்கும் டிஸ்க்கும் புதிது. வாயிலில் பேடின் தடிப்பைப் பார்த்துக் கையொப்பமிட்டு உள்ளே விட்டார்கள். அன்றைய சுற்று நேரம், அதாவது ஒரு கார் ஒரே தடவையில் தொடர்ந்து ஓட விடப்படும் நேரம், இருபத்தைந்து நிமிடம். ஏழாவது சுற்றில், நேர்ப்பாதை முடிந்து வளைவு தொடங்கும் இடத்தில், அவர் மிதித்த பெடல் எதிர்ப்பே இல்லாமல் தரை வரை போனது. கியரை இறக்கி, புல்வெளிக்குள் விட்டு ஒருவாறு நிறுத்திவிட்டார். நான் ஓடிப்போனபோது கை நடுங்க, "அண்ணன், பெடல் கீழ போயிட்டு" என்று மட்டும் சொன்னார். பேட் பழுதில்லை, டிஸ்க் பழுதில்லை. குழாய்க்குள் இருந்த பிரேக் ஒயில் மூன்று ஆண்டு பழையது. அதை மாற்றாமல் விட்டவன் நான்.

அன்றிரவு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,500 கிலோ எடையுள்ள ஒரு கார் மணிக்கு 160 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 60 கிலோமீற்றருக்கு இறங்கும்போது, அந்த ஒரே மிதிப்பில் பிறக்கும் வெப்பம் 30 பாகையில் இருக்கும் நான்கு லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. ஒரு சுற்றில் அப்படி ஐந்து இடம் இருந்து, பத்துச் சுற்று ஓடினால், ஒரு பரல் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பத்தை நான்கு டிஸ்க்குகளும் தாங்கி, காற்றில் விட்டாக வேண்டும். வேகம் இரட்டித்தால் இந்த வெப்பம் நான்கு மடங்காகும். வீதியில் ஓட்டும்போது பெரும்பாலும் இரண்டு மிதிப்புகளுக்கு இடையில் டிஸ்க் ஆறுவதற்கு நேரம் கிடைத்துவிடும். ஓடுதளத்தில் அந்த நேரம் கிடைப்பதில்லை.

அந்தச் சூடு பேட் வழியாக, பேடைத் தள்ளும் பிரேக் பிஸ்டனுக்கும், பிஸ்டன் வழியாகப் பிரேக் ஒயிலுக்கும் போகிறது. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 4 தரத்து ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஆனால் அதில் 3.7 வீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 பாகைக்கு இறங்கிவிடுகிறது. டொட் 3 என்றால் 205 பாகையிலிருந்து 140 பாகைக்கு. ஒயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். ஆகவே பெடலில் கால் கொடுக்கும் அழுத்தமெல்லாம் குமிழியை அமுக்குவதிலேயே தீர்ந்துபோகிறது. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக, வருடம் முழுவதும் ஈரக் காற்றில் நிற்கும் எங்கள் ஊர்க் கார்களில் இந்த ஒயில் எவ்வளவு விரைவில் கெடும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்குள் மாற்றப்பட்ட ஒயில் இல்லாத எந்தக் காரையும் ஓடுதளத்துக்குள் விடாதீர்கள் என்று கேட்கிறேன். வேறு எதையும் ஏற்காவிட்டாலும் இந்த ஒன்றையாவது ஏற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்தது என்ஜின் சூடு. எங்கள் பக்கத்தில் வைகாசி, ஆனி மாதங்களில் கச்சான் காற்று வீசும்போது நிழலிலும் வெக்கை தாங்காது. ரேடியேற்றர் வெளியேற்றும் வெப்பம், உள்ளே ஓடும் தண்ணீருக்கும் வெளியே வீசும் காற்றுக்கும் இடையிலுள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. தண்ணீர் 100 பாகையிலும் காற்று 15 பாகையிலும் இருக்கும் குளிர்நாட்டில் அந்த வித்தியாசம் 85. எங்கள் நண்பகலில் காற்று 35 பாகை என்றால் வித்தியாசம் 65 ஆகிவிடுகிறது. அதாவது அதே கார், அதே ரேடியேற்றர், அதே வேகம், ஆனால் குளிர்விக்கும் ஆற்றல் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. வெளிநாட்டுக் காணொளியில் ஒரு மணி நேரம் ஓடும் காரைப் பார்த்துவிட்டு, இங்கே இருபத்தைந்து நிமிடமாவது ஓடாதா என்று கேட்கும் தம்பிமாருக்கு நான் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன்.

இதன் மேல் எங்கள் தொழிலிலேயே ஊறிப்போன சில தவறான பழக்கங்களும் உண்டு. என் சக தொழிலாளரைக் குறைகூற நான் இதை எழுதவில்லை, ஆனால் மறைக்கவும் கூடாது. கார் சூடேறினால், என்ஜின் தண்ணீரின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடுவதும், ரேடியேற்றருக்குரிய கூலன்ட் திரவத்துக்குப் பதிலாக உவர்ப்பேறிய கிணற்றுத் தண்ணீரை ஊற்றுவதும், ரேடியேற்றர் மூடி தொலைந்தால் பொருந்துகிற ஏதோவொரு மூடியைப் போடுவதும் இங்கே வழக்கம். அந்த மூடி வெறும் மூடி அல்ல. 1.1 (பார் என்னும் அழுத்த அலகில்) என்று பொறிக்கப்பட்ட மூடி, உள்ளே அந்த அளவு அழுத்தத்தைப் பிடித்து வைத்து, தண்ணீர் 120 பாகை வரை கொதிக்காமல் காக்கிறது. அழுத்தம் பிடிக்காத மூடியுடன் ஓடுதளத்துக்கு வரும் கார், சந்தைக்குப் போய்வரும்போது காட்டாத குறையை ஐந்தாவது சுற்றில் காட்டும்.

தொழிற்சாலையிலிருந்து வந்த ஸ்போர்ட்ஸ் கார் எதையும் தாங்கும் என்ற நம்பிக்கை எங்கள் இளைஞரிடம் வேரூன்றியிருக்கிறது. அது தவறு என்பதற்கு உலகப் பெருநிறுவனங்களின் வரலாறே சான்று. 2014 ஆம் ஆண்டில் போர்ஷே நிறுவனம், தன் 911 ஜிடி3 கார்கள் சிலவற்றின் என்ஜினில் பிஸ்டனை இணைக்கும் கனெக்டிங் ராட் திருகாணி தளர்வதால் தீப்பற்றியதை அறிந்து, 785 கார்களின் உரிமையாளரிடம் ஓட்ட வேண்டாம் என்று கூறி, அவற்றின் என்ஜின்களையே மாற்றிக் கொடுத்தது. 650 குதிரை வலுக் கொண்ட கொர்வெட் இசட்06 ஓடுதளத்தில் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2017 மாதிரியில் அதன் பொனட்டில் காற்றுப் போக்கிகள் பெரிதாக்கப்பட்டன. ஃபோர்டின் ஷெல்பி ஜிடி350 காரில் 2016 இல் கியர் பொக்ஸுக்கும், சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்குமான ஒயில் குளிர்விப்பான் சில வகைகளில் மட்டுமே இருந்தது. இல்லாத கார்கள் சில சுற்றுகளிலேயே வலுவைத் தாமாகக் குறைத்துக்கொண்டன. அடுத்த ஆண்டு அந்தக் குளிர்விப்பான்கள் எல்லாக் கார்களிலும் வந்தன. சோதனை ஓடுதளமும், பொறியியலாளர் படையும், கோடிக்கணக்கான பணமும் உள்ளவர்கள் செய்த புத்தம்புதிய கார்களுக்கே இந்த நிலை என்றால், எங்கள் கார்களைப் பற்றி என்ன சொல்வது?

எங்களிடம் இருப்பவை பெரும்பாலும் பழைய லான்சர் எவோலூஷன், இம்ப்ரெசா, இன்டெக்ரா, சிவிக் வகைகள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த இடைவெளியில் பழைய கார்களையே ஒட்டுப்போட்டு ஓட்டினோம். இருபது வயதுக் காரின் ரப்பர்க் குழாய்களும் இருபது வயதுடையவை. அவை வெளியே பளபளப்பாகத் தெரிந்தாலும் உள்ளே பொரிந்துபோயிருக்கும். ஜப்பானில் 100 ஒக்டேன் அளவிலான பெற்றோலுக்கென்று சரிசெய்யப்பட்ட டர்போ என்ஜினுக்கு, 95 கிடைக்காத நாளில் 92 அடித்து, போதாக்குறைக்கு என்ஜின் கம்பியூட்டரை மாற்றி, டர்போ காற்றைத் திணிக்கும் அழுத்தமான பூஸ்டைக் கூட்டி வருகிறார்கள். சூடான காற்று உள்ளே வந்தால் வலுவைக் குறைத்து என்ஜினைக் காக்கும்படி தொழிற்சாலை வைத்த ஏற்பாட்டையே அந்த மாற்றம் பல நேரம் நீக்கிவிடுகிறது. பிஸ்டன் உருகிய நிலையில் என் கராஜுக்குக் கட்டியிழுத்து வந்த கார்கள் உண்டு.

கிழக்கில் ஓடுதளம் இல்லாததால் இன்னுமொரு சுமை எங்கள் கார்களின் மேல் விழுகிறது. பன்னலை, கட்டுக்குருந்தை ஓடுதளங்களுக்கு வருகிறவர்கள் வாழைச்சேனை, பொலன்னறுவை, ஹபரணை வழியாக நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அதே காரில் ஓடி வருகிறார்கள், நாள் முழுவதும் ஓடுதளத்தில் அடித்து ஓட்டுகிறார்கள், இரவோடிரவாக அதே காரில் ஊர் திரும்புகிறார்கள். பகலில் வெந்த பிரேக்கும், தளர்ந்த சக்கர நட்டும், வெடிப்பு விழுந்த குழாயும், கால் நீட்டிப் படுக்காத சாரதியும் சேர்ந்து, யானை கடக்கும் இருட்டுப் பாதையில் வருகிறார்கள். ட்ராக் டே உங்கள் வாயிலோடு முடிவதில்லை, அவர்கள் வீட்டு வாசலில்தான் முடிகிறது.

என்ஜின் ஒயில் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கார் தன் எடைக்குச் சமமான பக்க விசையுடன் வளைவில் திரும்பும்போது, என்ஜினின் அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்ப்புக்குள் இருக்கும் ஒயிலின் மட்டம் 45 பாகை சாய்கிறது. உறிஞ்சு குழாயின் வாய் சில கணம் காற்றை உறிஞ்சினாலும் பெயாரிங்குக்கு அது பெருங்கேடு. அதனால்தான் போர்ஷே ஜிடி3 போன்றவற்றில் ஒயிலைத் தனித் தாங்கியில் வைக்கிறார்கள். எங்கள் கார்களில் அது இல்லை. ஆகவே ஒயில் மட்டம் ஒவ்வொரு சுற்று நேரத்துக்கு முன்பும் மேல் கோட்டில் இருக்க வேண்டும், காலையில் ஒருமுறை பார்த்தால் போதாது.

டயரின் வயதையும் பாருங்கள். அதன் பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்கம் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் காட்டும். அதை வாசிக்க உங்கள் பரிசோதகருக்கு ஒரு நிமிடம் போதும்.

எடை குறைந்த கார்கள் தாங்குகின்றன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஏறத்தாழ ஆயிரம் கிலோ எடையுள்ள 1.6 லீற்றர் சிவிக் காலையிலிருந்து மாலை வரை முறைப்பாடில்லாமல் ஓடி முடிப்பதையும், முந்நூறு குதிரை வலு டர்போ கார் பொனட்டைத் திறந்துகொண்டு நிற்பதையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எல்லாக் காருக்கும் ஒரே சுற்று நேரம் வைப்பது அதனால் பொருந்தாது. கனமான, வலுக்கூடிய கார்களுக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல், காற்றுப்பட மெதுவாக ஓட்டி வரும் ஆறுதல் சுற்றாகக் கட்டாயமாக்குங்கள். நிறுத்துமிடத்தில் கைப் பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை வைக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் கொதிக்கும் டிஸ்க்கைப் பேடால் ஒரே இடத்தில் கவ்விப் பிடித்தால் அந்த இடம் பழுதாகும். மாலையில் வீடு திரும்புமுன் நட்டு இறுக்கத்தையும் பிரேக்கையும் ஒருமுறை பார்த்து அனுப்புங்கள்.

தியத்தலாவைக் கார்ப் பந்தயத்தில் 2024 ஏப்ரல் 21 ஆம் திகதி ஓடுபாதையை விட்டு விலகிய கார் ஏழு உயிரைக் கொண்டுபோனது. அதற்கு வாகனப் பழுதே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து பார்வையாளர் வேலியைப் பற்றி நாம் பேசும் அளவுக்கு, வேலிக்கு உள்ளே ஓடும் காரின் நிலையைப் பற்றிப் பேசவில்லை என்பது என்னை வருத்துகிறது.

கடைசியாக ஒன்று. நான் வந்துபோன ட்ராக் டேகளில் தரப்பட்ட பொறுப்பேற்புப் படிவம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தது. எங்கள் தம்பிமார் எதில் கையொப்பமிடுகிறோம் என்று அறியாமலே கையொப்பமிட்டார்கள். பிரேக் ஒயில் மாற்றிய திகதி, கூலன்ட், மூடியின் அழுத்த அளவு, டயரின் வயது, குழாய்களின் நிலை ஆகியவற்றைக் கேட்கும் ஒரு பரிசோதனைப் படிவத்தின் தமிழ் வரைவை நான் எழுதி வைத்திருக்கிறேன். ஒரே தாளில் அடங்குகிறது. அடுத்த ட்ராக் டேக்கு நான் வரும்போது அதன் பத்துப் பிரதிகளுடனும், பிரேக் ஒயிலின் ஈரத்தை அளக்கும் கருவியுடனும் உங்கள் வாயிலுக்கு வருவேன். உங்கள் பரிசோதகருக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட இடம் தாருங்கள்.

இங்ஙனம்,
வாகனத் திருத்துநர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு